புதுச்சேரி வரை சைக்கிளில்: எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படிச் சரிசெய்வது

ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில், எங்கள் குழு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு சைக்கிளில் போகும். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வசதியில்லாதவர்களின் டயாலிசிஸ் செலவுக்குப் பணம் திரட்டத்தான் இந்தப் பயணம். அதில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை கடைசி ஆளாக வருவது. யார் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால் நான். ஆகவே நன்றாக ஓடும் சைக்கிளை நான் அதிகம் பார்த்ததில்லை. நின்றுபோன சைக்கிளும் நின்றுபோன ஆளும்தான் எனக்குப் பழக்கம்.

பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்தது. கோளாறு தலைகாட்டும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. மரக்காணத்தில் வலிக்கிற முழங்கால், முந்தின நாள் இரவு வீட்டில் சீட்டை இறக்கியபோதே கெட்டிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சாலையோரத்தில் என்ன செய்வது என்பதோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டயரில் காற்று இறங்கிவிட்டது

டியூபை மாற்றும் அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, பழைய டியூபைச் சுருட்டிப் பையில் போட்டுவிடுவது. அந்த ஓட்டை ஒரு சாட்சி. அதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

டியூபைக் கழற்றும் முன் டயர் எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவில் வையுங்கள். நான் எப்போதும் டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்துத்தான் மாட்டுவேன். பிறகு டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் அதே தூரத்தில் முள் இருக்கும். விரல் நுனியால் டயரின் உட்புறத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். நம் சாலையில் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான். வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தேய்ந்து போயிருக்கும். உள்ளே அரை மில்லிமீட்டர் முனை மட்டும் எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் சுருக்கென்று படும். வெளியிலிருந்து பிடித்து இழுக்க வராது. உள்ளேயிருந்து டயர் லீவரின் (டயரை நெம்பிக் கழற்றும் பட்டை) முனையால் அழுத்தி வெளியே தள்ளினால் வரும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை வைத்து மற்றதைச் சொல்லிவிடலாம். பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருந்து, குழியில் டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ஓட்டை ரிம் பக்கம், அதாவது உள்வட்டத்தில் இருந்தால் ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்ப் அடிக்கும்போது வால்வை ஆட்டியிருக்கிறீர்கள். அதற்கு ஒட்டுப் போட முடியாது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண்ணின் பெரிய அளவு, தாண்டக் கூடாத வரம்பு. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. 28 மில்லிமீட்டர் டயரும் 70 கிலோ எடையும் என்றால் 75 முதல் 80 பிஎஸ்ஐ வரை போதும். கல்லாய் அடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. சாலை விரிவாக்கத்துக்காகக் கொத்திப்போட்ட இடங்களில் அந்தக் கல் டயர் உங்கள் மணிக்கட்டைத்தான் பதம் பார்க்கும்.

மாற்றிய டியூபும் பத்து நிமிடத்தில் போய்விட்டது

முள் இன்னும் டயரில் இருக்கிறது. மேலே சொன்னதைச் செய்யாமல் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். முள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், மாட்டும்போது லீவரால் புது டியூபைக் கிள்ளியிருப்பீர்கள். கடைசி ஒரு சாண் டயரை லீவர் இல்லாமல் கட்டைவிரலால் தள்ளி ஏற்றப் பழகுங்கள். வீட்டில் நாலு முறை செய்து பார்த்தால் வந்துவிடும்.

கைவசம் டியூப் தீர்ந்துவிட்டால் சாலையோரப் பஞ்சர் கடை உண்டு. ஆனால் ரோட் சைக்கிளில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வைப் பார்த்ததும் கடைக்காரர் கம்ப்ரசர் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன சார், ஊசி மாதிரி இருக்கு?" என்பார். நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகி மாட்டினால் அது சாதாரண வால்வு ஆகிவிடும். விலை மிகக் குறைவு. கழன்று விழாதபடி வால்வு மூடிக்குப் பதிலாக அதையே மாட்டி வையுங்கள். கம்ப்ரசர் அடிக்கும்போது, "அண்ணே, விட்டு விட்டு அடிங்க" என்று சொல்லிவிடுங்கள். லாரி டயருக்கு அடிக்கும் வேகத்தில் அடித்தால் டியூப் வெடிக்கும்.

கியர் தாவுகிறது, அல்லது விழ மறுக்கிறது

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பின் டீரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் பேரல் அட்ஜஸ்டர் என்ற திருகு குமிழை, கேபிள் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்தபடி, இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்கள். ஓட்டிப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு அரைச் சுற்று. சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் அதற்கு நேர் எதிராக. இதற்கு மேல் சாலையோரத்தில் எந்தத் திருகையும் தொடாதீர்கள். குறிப்பாக டீரெய்லரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னத் திருகுகள் எல்லை வைப்பவை. அவற்றைத் திருப்பி செயினை ஸ்போக்குக்குள் அனுப்பியவர்களை நான் பின்னால் வரும் எங்கள் குழு வேனில் ஏற்றியிருக்கிறேன்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் செயின் தாவினால் செயின் நீண்டிருக்கிறது. வீட்டில் ஒரு ஸ்கேல் போதும்: 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் புதுச் செயின் வாங்கும் நேரம். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், செலவு பல மடங்கு. கடற்கரையோரம் ஓட்டுபவர்களுக்கு உப்புக் காற்று வேறு. ஓட்டி முடித்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் இரண்டாம் நாளே செம்பழுப்பாகிவிடும்.

சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தபின் கியர் கெட்டதென்றால், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாமல் நடுவில் உள்ளதை மட்டும் வைத்து ஓட்டி முடியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு என்று சொல்ல பாலங்கள்தான் இருக்கின்றன. சமாளித்துவிடலாம்.

எங்கிருந்தோ கிரீச் கிரீச்

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட் அல்லது சீட் கம்பி. மிதிக்காமல் உருளவிட்டுப் பாருங்கள். அப்போதும் கேட்டால் சக்கரம். மிதித்தால் மட்டும் கேட்டால் பெடல், அல்லது அதைத் தாங்கும் கிராங்க் பக்கம். பெடலை இறுக்கும்போது நினைவிருக்கட்டும்: இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். சத்தம் எரிச்சலூட்டுமே தவிர, பெரும்பாலும் பயணத்தை நிறுத்தாது. ஆனால் ஹேண்டில் பக்கமிருந்து வரும் சத்தத்தை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். இறங்கி போல்ட்டுகளைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள்.

சக்கரம் ஆடி பிரேக்கில் உரசுகிறது

முதலில் சக்கரம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் ஒட்டியபின் வரும் உரசலில் பெரும்பாலானவை இதுதான். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் குயிக் ரிலீஸைத் தளர்த்தி, மேலிருந்து ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

ஸ்போக் அறுந்திருந்தால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டி, ரிம் பிரேக்கின் விடுவிப்பு நெம்புகோலைத் திறந்து உரசாமல் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். அந்தப் பிரேக் அப்போது பாதிதான் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

முழங்கால்

எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் இது. என் முதல் பயணத்தில் இடது முழங்காலின் முன்பக்கம் பாலாற்றுப் பாலத்தருகே முணுமுணுக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. மரக்காணத்து உப்பளங்கள் தெரியும்போது ஒரு காலால்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன். அதற்கப்புறம் ஆறு வாரம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கைப்பிடியைத் தேடினேன்.

முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் திணறித் திணறி மிதித்திருக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். வெளிப்பக்கம் என்றால் பெடலில் பூட்டும் ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் என்ற பூட்டின் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். உயரத்தைப் பார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கையில் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். சாலையில் மாற்றுவதானால் ஒரே தடவையில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

கியரை இலேசாக்கி நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பதுதான் முழங்காலுக்கு நல்லது. புதியவர்களுக்கு அது வேலை செய்யாததுபோலத் தோன்றும். "காத்துல மிதிக்கிற மாதிரி இருக்குண்ணா" என்று ஒரு தம்பி சொன்னான். அப்படித்தான் இருக்க வேண்டும், தம்பி.

விரல் மரத்துப்போகிறது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளியோரம் வழியாகப் போகும் நரம்பு ஹேண்டிலில் நசுங்குகிறது. கைவைக்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள், முழங்கையை மடித்து வையுங்கள். தடிமனான கையுறை வாங்கச் சொல்வார்கள். ஆனால் பல சமயம் குற்றவாளி சீட்தான். அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து, எடை முழுக்கக் கையில் விழும். சீட்டை மட்டமாக்கிப் பாருங்கள். பாதம் மரத்தால் ஷூ பட்டையைத் தளர்த்துங்கள். வெயிலில் பாதம் வீங்குவது சகஜம்.

உட்கார முடியவில்லை

பேட் வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போட்டிருக்கிறீர்களா? அதுதான். தையல் உராய்ந்து தோல் போகும். இதைக் கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. வருடா வருடம் பத்துப் பேர் இப்படியே வந்து அவதிப்படுகிறார்கள். கிளம்பும் முன் உராயும் இடத்தில் வாசலின் அல்லது அதற்கென உள்ள கிரீம் தடவுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் எழுந்து நின்று ஓட்டுங்கள். புதுச் சீட்டை நீண்ட பயணத்தன்று முதன்முதலாக மாட்டாதீர்கள்.

திடீரென்று கால் ஓடவில்லை, எரிச்சல் வருகிறது, அழுகைகூட

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏனென்றால் நான் நிறுத்திப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

ஜனவரிக் காலையில் வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவர்களின் முதுகில் தள்ளும். கோவளம் தாண்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் போகும். அது காற்றின் தயவு என்று யாரும் நினைப்பதில்லை, தன் கால்பலம் என்றே நம்புவார்கள். பசியும் இருக்காது. மாமல்லபுரத்தில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். நம் உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் கிளைகோஜன் ஏறக்குறைய 2,000 கலோரிதான். அது கடப்பாக்கத்தை ஒட்டித் தீரும். அதே நேரம் நண்பகல் நெருங்க, கடற்காற்று திசை மாறி முன்பக்கமும் பக்கவாட்டிலுமாக அடிக்கும். வேகம் பாதியாகும். சைக்கிளில் ஏதோ கோளாறு என்று இறங்கி பிரேக் உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் நன்றாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்: இரண்டு வாழைப்பழம், கடலைமிட்டாய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. இருபது நிமிடத்தில் உலகம் மறுபடி நல்லதாகத் தெரியும். பிறகு மெதுவாக.

வராமல் தடுக்க, முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். பசித்தபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் தாமதம். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. சட்டைப் பையில் பேரீச்சம்பழமும் பொடி தடவிய இட்லியும் வைத்து ஓட்டுபவர்கள் அதே நேரத்தில்தான் புதுச்சேரி சேர்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது முக்கியமாகச் சோடியம். ஆகவே இளநீரோடு உப்புப் போட்ட மோரும் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

தலைவலி, குமட்டல், பேச்சு குழறல்

இங்கே யோசிக்க நேரமில்லை. தோல் கொதித்து, கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், அதை வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை கொட்டினாலும் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் விசிறும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இன்னொரு வகையும் உண்டு. உப்பே இல்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தவருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். விரல் உப்பி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி. பார்க்கிறவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள்; அது நிலைமையை மோசமாக்கும். தண்ணீரை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. அவரிடம் காலையிலிருந்து எத்தனை பாட்டில் குடித்தார் என்பதைச் சொல்லுங்கள்.

நன்கொடை நகரவில்லை

பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தியை வாட்ஸாப்பில் தள்ளியிருப்பீர்கள். ஒவ்வொருவர் பெயரையும் போட்டுத் தனியாக எழுதுங்கள். என்ன செலவுக்கு என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். முதல் தொகையை நீங்களே போடுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் கை வராது. பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது, நேராக அறக்கட்டளையின் கணக்குக்குப் போகட்டும். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகையைக் கேட்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறுத்த வேண்டும் போலிருக்கிறது, ஆனால் காசு கொடுத்திருக்கிறார்களே

மேலே சொன்ன எல்லாக் கோளாறுகளையும் பெரிதாக்குவது இந்த ஒன்றுதான். 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுபவர் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடியாது என்று தெரிந்தால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார், அடுத்த மாதம் வருவார். அறப்பணிக்காக ஓட்டுபவர் விடமாட்டார். என் முழங்கால் விஷயத்திலும் அதுதான் நடந்தது. அலுவலகத்தில் ஒரு அக்கா கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு மைல்கல்லிலும் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வலியை விழுங்கினேன். பிறகு அவரிடம் இதைச் சொன்னபோது, "பைத்தியமாடா நீ, ஃபோன் பண்ணியிருந்தா முழுசா அனுப்பியிருப்பேனே" என்றார்.

அதனால் எங்கள் குழுவில் கிலோமீட்டர் கணக்கு வாக்குறுதியை எடுத்துவிட்டோம். தொகை முழுதும் பயணத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பில்லி ஸ்டார் 1980இல் 36 பேரோடு தொடங்கிய, புற்றுநோய் மையம் ஒன்றுக்குப் பணம் திரட்டும் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற சைக்கிள் பயணத்திலும், ஓட்டுபவர் இவ்வளவு திரட்டித் தருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் பதிவு செய்கிறார். எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதை வைத்து அந்த மையத்துக்குப் போகும் பணம் கூடுவதோ குறைவதோ இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பின் முதல் முறையாக, போன ஜனவரியில், கடப்பாக்கத்துக்கு முன்பே மூன்று பேர் தாங்களாகக் கையைக் காட்டி வேனை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நான்தான் கெஞ்சி ஏற்ற வேண்டியிருக்கும்.

வேனில் ஏற்றும்போது ஒரு விஷயம்: செயின் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சைக்கிளைப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் டீரெய்லர் அடியில் நசுங்கி, அடுத்த வருடம் கியர் தாவுகிறது என்று என்னிடமே வந்து நிற்பீர்கள்.